சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு: ஞாயிறு மாலையில் ஓர் அறையும் பேசிப் பழக ஓர் ஆளும் கொடுங்கள்

சிங்கப்பூரில் தமிழ் அமைப்புகளை நடத்திவரும் தலைவர்கள், செயலாளர்கள், முன்னாள் மாணவர் சங்கத்தார், சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழு உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் துவாஸ் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆய்வு அறிக்கை, பழுதுப் பட்டியல், வாடிக்கையாளருக்குப் போகும் கடிதம் என்று ஆங்கிலத்தில் எது வெளியே போனாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இது யார்டு முழுக்கத் தெரியும் என்பதால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒரு தம்பி கையில் தாளோடு வந்து நிற்பார். "அக்கா, இந்த எஸ்ஸேவைக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா, அடுத்த மாசம் ஐஇஎல்டிஎஸ் இருக்கு." வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வு அது. கேட்டல், வாசித்தல், எழுத்து, பேச்சு என்று நான்கு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் பேண்டு என்று ஒன்பது வரை மதிப்பெண். வெல்டர் வருவார், எலெக்ட்ரீஷியன் வருவார், டிப்ளமா படித்துவிட்டு எஸ் பாஸ் வேலை அனுமதியில் சூப்பர்வைசராக இருப்பவர் வருவார், அவர் மனைவி நர்ஸ், அப்புறம் அந்த நர்ஸின் தோழிகள். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரம். அதற்குள் அவர்களும் சாப்பிட வேண்டும், நானும் சாப்பிட வேண்டும், ஒருவருக்குப் பத்து நிமிடம்கூட ஒழுங்காகக் கொடுக்க முடிவதில்லை. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

நான் கேட்பது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அறை, அந்த அறையில் உட்கார்ந்து இவர்களோடு ஆங்கிலத்தில் பேசவும் இவர்கள் எழுதியதைப் படிக்கவும் உங்கள் உறுப்பினர்களில் சிலர். பணம் வேண்டாம், பாடப்புத்தகமும் வேண்டாம்.

இந்தத் தேர்வை எழுதுகிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது கல்லூரிப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதுகிற தேர்வு என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. படிப்புக்கு எழுதுகிறவர்கள் ஒரு பங்குதான். கனடாவில் குடியேற எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் திறனாளர் பிரிவில் விண்ணப்பிக்க, ஐஇஎல்டிஎஸ் தேர்வின் ஜெனரல் டிரெய்னிங் என்ற பொது வகையில் நான்கு பிரிவிலும் குறைந்தது 6 வேண்டும். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்யக் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும், இல்லாவிட்டால் மருத்துவத் துறைக்கென்றே இருக்கும் ஓஇடி தேர்வில் அதற்கு ஈடான தரம் வேண்டும். மூன்று பிரிவில் ஏழரை வாங்கிய பெண்ணுக்கு எழுத்தில் 6 வந்தால் அந்த ஒன்றுக்காகவே பதிவு நின்றுவிடும். கட்டணம் சில நூறு வெள்ளி. மதிப்பெண் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். மாதா மாதம் ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் பிடித்த காசில் கட்டுகிற கட்டணம் அது, அதோடு அன்றைக்குப் போகும் ஓவர்டைமையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் சோம்பேறிகளும் இல்லை, படிக்கத் தெரியாதவர்களும் இல்லை. விடியற்காலை லாரி ஏறி, இரவு எட்டுக்குமேல் விடுதி திரும்பி, குளித்துச் சாப்பிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் மேல் கட்டிலில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டல் பயிற்சி செய்கிறவர்கள். நர்ஸ்கள் இரவுப் பணி முடித்து வந்து தூங்காமல் படிக்கிறார்கள். உழைப்பில் குறையே இல்லை, எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்ப ஒரே இரண்டு பிரிவில் மாட்டுகிறார்கள், எழுத்திலும் பேச்சிலும்.

அதற்குக் காரணம் தேர்வின் அமைப்பிலேயே இருக்கிறது. கேட்டலில் 40 கேள்வி, ஏறக்குறைய அரை மணி நேரம், ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும். வாசித்தலிலும் 40 கேள்வி, ஒரு மணி நேரம். இந்த இரண்டுக்கும் சரியான விடைப்பட்டியல் உண்டு, நாமே திருத்திக்கொள்ளலாம், எங்கே தப்பு என்று நமக்கே தெரியும். கேம்பிரிட்ஜ் வெளியிடும் பயிற்சித் தொகுப்புகள் நூலகங்களில் இருக்கின்றன. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகமோ, ஜூரோங், உட்லண்ட்ஸ் வட்டார நூலகமோ, உள்ளே போய் உட்கார்ந்து படிக்க யாரும் அட்டை கேட்பதில்லை, குளிரூட்டி உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். தேர்வை நடத்துகிறவர்களே இலவச மாதிரித் தாள்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாதித் தேர்வுக்குச் சிங்கப்பூரில் எந்தக் குறையும் இல்லை, தனியாகவே தேறிவிடலாம்.

எழுத்து அப்படி இல்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டு எழுத வேண்டும். முதலாவது 150 சொல்லுக்குக் குறையாமல், இரண்டாவது 250 சொல்லுக்குக் குறையாமல், இதில் இரண்டாவதற்குத்தான் இரட்டை மதிப்பு. கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்கிறதா, ஒன்றிலிருந்து ஒன்றாகக் கருத்து ஓடுகிறதா, சொல் எப்படி, இலக்கணம் எப்படி என்று நான்கு வகையில் ஒரு மனிதர் படித்து மதிப்பிடுகிறார். பேச்சு 11 முதல் 14 நிமிடம், எதிரே தேர்வாளர் உட்கார்ந்திருப்பார். தாமாக எழுதிப் பார்த்து, தாமாகப் பேசிப் பார்த்து, தம் தவறைத் தாமே கண்டுபிடி என்றால் எப்படி முடியும்? தெரிந்திருந்தால் அந்தத் தவறு வந்தே இருக்காதே. நூலகத்தில் வாய்விட்டுப் பேச முடியாது, விடுதி அறையில் ஆங்கிலத்தில் பேசிப் பழகினால் பக்கத்துக் கட்டிலிலிருந்து கிண்டல் வரும், வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும். இங்கேதான் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆள் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்றால், மனப்பாடக் கட்டுரை வியாபாரம் நுழைந்துவிடுகிறது. என் மேசைக்கு வரும் தாள்களில் பாதிக்குமேல் ஒரே தொடக்கம்தான். "இன் திஸ் கன்டெம்பரரி எரா" என்று ஆரம்பித்து, நடுவில் கேள்வியிலிருந்து ஒரு வரியைச் செருகி, "எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்" என்று முடிகிறது. சுற்றுச்சூழலுக்கும் அதே கட்டுரை, முதியோர் இல்லத்துக்கும் அதே கட்டுரை. ஒரு பயிற்சி நிலையம் பல நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு அந்தத் தாளை ஒருவரிடம் கொடுத்திருக்கிறது, அவர் அதைப் பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். தேர்வாளர்கள் இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள், மனப்பாடம் எது என்று கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள். முழுவதும் மனப்பாடம் என்று பட்டால் மதிப்பெண் அடிமட்டத்துக்கே போய்விடும் என்று அவர்களுடைய மதிப்பீட்டு விளக்கத்திலேயே இருக்கிறது, அந்த விளக்கத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம். அந்தத் தம்பியோ தன் சொந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி எழுதியிருந்தால் 6 வாங்கியிருப்பார். பிறர் எழுதியதைப் பாதி மறந்து பாதி நினைவில் வைத்து எழுதி 5 வாங்கிவிட்டு, தனக்கு ஆங்கிலம் வராது என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்புகிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு வேண்டுகோளையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். உங்கள் விழா மலர்களிலும் பொங்கல், தீபாவளிக் கொண்டாட்டப் பதாகைகளிலும் "30 நாளில் 7 பேண்டு உத்தரவாதம்" என்ற விளம்பரம் வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். எந்தப் பயிற்சி நிலையத்தாலும் மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தர முடியாது. வினாத்தாள் முன்கூட்டியே தருகிறேன், தேர்வு எழுதாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று சமூக ஊடகத்தில் வருகிறவர்கள் அத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்கள். உங்கள் மலரில் ஒரு விளம்பரம் வந்தால் "நம்ம சங்கமே போட்டிருக்கு" என்று நம்பிப் பணம் கட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். அதில் ஒரு தலைப்பு இருக்கும், ஒரு நிமிடம் யோசித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு இரண்டு நிமிடம் வரை தொடர்ந்து பேச வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வெல்டர் தம்பிக்கு "உங்களுக்கு உதவி செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற தலைப்பைக் கொடுத்தேன். "மை ஃப்ரெண்ட் ஹெல்ப் மீ. ஹி இஸ் குட் மேன். ஹி டேக் மீ டு கிளினிக்." அவ்வளவுதான், நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இதையே தமிழில் சொல்லுங்கள் என்றேன். வந்த புதிதில் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, பக்கத்துக் கட்டிலில் இருந்த பங்களாதேஷ்காரர் ஒருவர்தான் வேலையிலிருந்து வந்த களைப்போடு கஞ்சி வைத்துக் கொடுத்தார், கிளினிக்குக்குக் கூட்டிப் போனார், எண் கூப்பிடும்வரை இவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் வரிசையில் நின்றார், படிவத்தை அவரே நிரப்பினார், கையெழுத்துப் போட மட்டும் இவர் கையைப் பிடித்துக் காட்டினார். நான் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டேன், அவ்வளவு விவரம். இப்போது இதே வரிசையில், இதே விவரத்தோடு ஆங்கிலத்தில் சொல்லுங்கள், பெரிய சொல் எதுவும் தேட வேண்டாம் என்றேன். கஞ்சி வந்தது, வரிசை வந்தது, படிவம் வந்தது. காலம் தப்பியது, "ஹி" சில இடத்தில் "ஷி" ஆனது, ஆனாலும் இரண்டு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட நிறுத்தாமல் பேசினார். அந்த மூன்று வரியும் இந்தப் பேச்சும் ஒரே ஆளின் ஆங்கிலம்தான். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்று தமிழில் கேட்டதுதான் வித்தியாசம்.

இவர்களுடைய ஆங்கிலம் சுருக்கமாக இருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. கிரேன் ஓடும் இடத்தில் யாரும் நீட்டி முழக்கிப் பேச மாட்டார்கள், பேசவும் கூடாது. காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் சொல்வதும் சுருக்கம், வாக்கிடாக்கியில் சொல்வதும் சுருக்கம், "கேன்", "கேனாட்", "ஆல்ரெடி டன்" என்றால் வேலை நடந்துவிடும். அதோடு நம் ஊர் வளர்ப்பும் சேர்ந்துகொள்கிறது. அதிகாரி மாதிரி இருக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வதுதான் மரியாதை என்று நமக்குப் பழக்கம். தேர்வாளரோ நீங்கள் ஏன், எப்படி, எதனால் என்று விரித்துச் சொல்வதற்காகக் காத்திருக்கிறார். "உங்கள் ஊர் பிடிக்குமா?" என்றால் "எஸ்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவரால் மதிப்பெண் போட ஒன்றுமே இல்லை. இதைப் புத்தகம் சொல்லித்தராது. அவ்வளவு மரியாதையாக உட்காராதே தம்பி, பேசு என்று நம்மில் ஒருவர் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு பயம் பரவிக் கிடக்கிறது. வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டும் என்று யூடியூப் பார்த்து நாக்கைச் சுழற்றிப் பழகுகிறார்கள், பேச்சு இன்னும் குழம்பிப் போகிறது. தமிழர் பேசும் ஆங்கிலம் தமிழர் பேசுவது மாதிரி இருந்தால் அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், கேட்பவருக்கு விளங்குகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. சொல்லின் கடைசி ஒலியை விழுங்கிவிடுகிறோம், "லாஸ்ட் இயர் ஐ ஒர்க்ட்" என்பது "ஒர்க்" என்று முடிந்துவிடுகிறது, அதோடு இறந்தகாலமும் போய்விடுகிறது, கேட்பவருக்கு அது உச்சரிப்புப் பிழையாகவும் தெரியும் இலக்கணப் பிழையாகவும் தெரியும். அதேபோல் "பத்து வீடு", "நாலு பஸ்" என்று நாம் ஒருமையிலேயே சொல்லிப் பழகியவர்கள், ஆங்கிலத்தில் எழுதும்போது பன்மைக்கு வேண்டிய அந்த ஒற்றை எழுத்தை மறந்துவிடுகிறோம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் "எ", "த" போடும் வழக்கம் தமிழில் இல்லை, அதனால் எங்கே போடுவது எங்கே விடுவது என்று கடைசிவரை குழப்பம். இந்த மூன்றை மட்டும் கவனித்தாலே ஒரு பக்கத்தில் இருக்கும் பிழையில் பெரும்பங்கு குறைந்துவிடுவதைப் பார்க்கிறேன். தமிழ் தெரிந்தவரால்தான் இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று ஒரே நிமிடத்தில் சொல்ல முடியும்.

ஐஇஎல்டிஎஸ் பொது வகையில் முதல் எழுத்துப் பணி ஒரு கடிதம். வீட்டு உரிமையாளருக்கு, மேலாளருக்கு, நண்பருக்கு என்று ஏதாவது ஒன்று வரும், கடிதத்தில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மூன்று குறிப்பும் கொடுத்திருப்பார்கள். நம் ஆட்கள் நண்பருக்கு எழுதினாலும் "ரெஸ்பெக்டட் சார்" தொனியில் எழுதுகிறார்கள், இல்லாவிட்டால் நலம் நலமறிய ஆவல் என்ற முறையில் பாதிக் கடிதத்தை விசாரிப்பிலேயே செலவழித்துவிட்டு மூன்றாவது குறிப்பைத் தொடாமலே முடித்துவிடுகிறார்கள். கட்டுரையிலும் இதுதான். பள்ளியில் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்த பழக்கத்தில் பீடிகை நீள்கிறது, தன் கருத்து என்ன என்பது கடைசி வரியில்தான் வருகிறது. அழகான பழக்கம்தான், ஆனால் இந்தத் தேர்வில் உன் நிலைப்பாடு என்ன, அதற்குக் காரணம் என்ன, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு என்ன என்பதை நேராகக் கேட்கிறார்கள். நர்ஸ்களுக்கு ஓஇடியில் வேறு சிக்கல். நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள். எல்லாக் குறிப்பையும் அள்ளிப் போடுகிறார்கள், எதை விடுவது என்று தெரிவதில்லை. வார்டில் அடுத்த ஷிஃப்ட்டுக்குப் பொறுப்பு ஒப்படைக்கும்போது எதைச் சொல்வீர்கள் எதை விடுவீர்கள் என்று ஒரு மூத்த நர்ஸ் உட்கார்ந்து கேட்டால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் அமைப்புகளில் அப்படிப்பட்ட அக்காமார்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

தட்டச்சையும் சொல்ல வேண்டும். இப்போது பலரும் கணினியில்தான் எழுதுகிறார்கள். யார்டில் வேலை செய்கிறவருக்குக் கீபோர்டு ஏது? கைபேசியில் இரண்டு கட்டை விரலால், தானாகத் திருத்திக் கொடுக்கும் வசதியோடு எழுதிப் பழகிவிட்டுத் தேர்வறைக்குப் போனால் அங்கே எழுத்துப்பிழை காட்டும் வசதி கிடையாது, ஒரு மணி நேரத்தில் நானூறு சொல் அடிக்க வேண்டும். உங்கள் அலுவலகத்தில் பழைய மடிக்கணினி இரண்டு மூன்று சும்மா கிடந்தால் அதுவே போதும்.

உங்களில் சிலர் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். தமிழ் அமைப்பு தமிழைத்தானே வளர்க்க வேண்டும், ஆங்கிலத் தேர்வுக்கு எங்களிடம் ஏன் வருகிறாய்? என் பதில், இந்த அறையில் தமிழும் வளரும் என்பதுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். நம் பிள்ளைகள் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலத்தில் சரளமாக இருக்கிறார்கள், தமிழில் இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேசக் கூச்சப்படுகிறார்கள். ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழாவுக்கு அவர்களை வரவழைக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை இந்த வெல்டர் தம்பிக்கு எதிரே உட்காரவையுங்கள். ஆங்கிலத்தில் எங்கே தப்பு என்று அவருக்குத் தமிழில் விளக்கியாக வேண்டும், அவர் சொல்லும் கதையைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். மேடையும் பரிசும் இல்லாமல், தேவைக்காகவே ஒரு பிள்ளை இரண்டு மணி நேரம் தமிழில் பேச வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கிறது?

இவர்கள் தேறினால் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்களே, நாம் ஏன் உதவ வேண்டும் என்றும் ஒருவர் என்னிடம் கேட்டார். போகிறவர்கள் போவார்கள்தான். எங்கே பிழைப்பது என்பது அவரவர் குடும்பம் எடுக்கிற முடிவு. ஆனால் போகாமல் இங்கேயே இருப்பவர்களுக்கும் இது உதவும். இங்குள்ள பல்கலைக்கழகங்களில் சேரவும் இந்த மதிப்பெண் பயன்படும். டபிள்யூஎஸ்க்யூ என்ற வேலைத்திறன் சான்றிதழ்ப் படிப்புகள் பலவற்றுக்கு, வேலையிட எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதிக்கும் டபிள்யூபிஎல்என் தேர்வில் குறிப்பிட்ட மட்டம் கேட்பார்கள், அங்கேயும் இதே எழுத்தும் பேச்சும்தான். வெளிநாட்டு ஊழியருக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லித்தரும் தொண்டு அமைப்புகள் இருக்கின்றன, நல்ல வேலை செய்கிறார்கள், அவர்கள் முதல் படியைப் பார்த்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை அதற்கு அடுத்த படியில், 5.5-இல் நின்று 6.5-ஐ எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் கேட்பாரில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆசிரியர் வேலை செய்யச் சொல்லவில்லை. வங்கியில், அலுவலகத்தில், மருத்துவமனையில் நாள் முழுக்க ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் யாரும் போதும். ஒருவருக்கு ஒருவர் உட்காருங்கள், கைபேசியில் நேரத்தை வையுங்கள், ஒரு தலைப்பைக் கொடுங்கள், அவர் பேசுவதைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுங்கள். பேசி முடிக்கும்வரை குறுக்கே திருத்தாதீர்கள், நடுவில் திருத்தினால் அடுத்த வாக்கியம் வராது. எழுதிக்கொண்டு வந்த கட்டுரையில் எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள், அந்த வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ சொல்லுங்கள், அதைத் திருத்தி அதே கட்டுரையை மறுபடி எழுதச் சொல்லுங்கள். மறுபடி எழுதுவதை யாரும் செய்வதே இல்லை, புதிது புதிதாக எழுதிக் குவிக்கிறார்கள், பழைய பிழையும் கூடவே வருகிறது. மாதிரிக் கட்டுரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

ஞாயிறு காலை துணி துவைக்க, சமைக்க, பணம் அனுப்ப, கோயிலுக்குப் போகவே சரியாக இருக்கும், அதனால் மாலை மூன்று முதல் ஐந்து வரை என்றால் வருவார்கள். தேக்காவுக்கு எப்படியும் வருகிறவர்கள் இருப்பதால் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்கு அருகில் ஓர் அறை, துவாஸ், ஜூரோங் விடுதிகளில் இருப்பவர்களுக்காக பூன் லே பக்கம் ஓர் அறை. ஷிஃப்ட் மாறி மாறி வரும் நர்ஸ்களுக்கு வார நாளில் ஒரு மாலையும் கிடைத்தால் நல்லது, அது முடியாவிட்டால் ஞாயிறே போதும், யாருக்கு ஓய்வு கிடைக்கிறதோ அவர் வரட்டும். சமூக மன்ற அறைகளை எப்படிப் பதிவு செய்வது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் ஆண்டு முழுக்கப் பதிவு செய்கிறவர்கள் நீங்கள்.

உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள். முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் நடத்திப் பார்க்கலாம், ஓர் அமைப்பால் முடியாவிட்டால் இரண்டு மூன்று அமைப்புகள் வாரத்துக்கு ஒன்றாக முறை வைத்துக்கொள்ளலாம். எந்தச் சமூக மன்றம், எந்தத் தளம், எத்தனை மணி என்று மட்டும் உங்கள் பக்கத்தில் அறிவியுங்கள். யார்டிலிருந்தும் விடுதியிலிருந்தும் ஆட்களை நாங்கள் கூட்டிக்கொண்டு வருகிறோம், நாற்காலி போடவும் ஆட்கள் உண்டு.

அன்புடன்,
ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு சகோதரி